நாற்பத்தோராவது மணி நேரம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2006-இல் ஜூரிகள் முன் ஒரு வழக்கு நடந்தது. வழக்காடியவர்கள் 1,424 பேர். எல்லோரும் ஃபேமிலி டாலர் என்னும் மலிவு விலைக் கடைகளில் ஸ்டோர் மேனேஜர்களாக வேலை பார்த்தவர்கள். கடையைத் திறப்பது, லாரியில் வந்த அட்டைப் பெட்டிகளை இறக்குவது, அலமாரிகளில் சரக்கு அடுக்குவது, கல்லாவில் நிற்பது, தரையைத் துடைப்பது, கழிவறையைக் கழுவுவது, இவையெல்லாம் அவர்களுடைய அன்றாடம். வேலை நேரத்தில் 80 முதல் 90 விழுக்காடு இப்படி உடலுழைப்பிலேயே கழிந்தது என்று சாட்சியங்கள் சொல்லின. வாரத்துக்கு 60, 70 மணி நேரம் உழைத்தார்கள். சம்பளம் மட்டும் எத்தனை மணி நேரமானாலும் ஒரே தொகை.

மேனேஜர் ஏன் தரை துடைக்க வேண்டும்? விடை கம்பெனியின் கூலி பட்ஜெட்டில் இருந்தது. ஒவ்வொரு கடைக்கும் வாரத்துக்கு இவ்வளவு கூலிதான் என்று மேலிடம் அளந்து கொடுத்துவிடும். அந்த அளவு தீர்ந்த பிறகும் லாரி வரும், வாடிக்கையாளர் வருவார், தரை அழுக்காகும். மணிக்கூலிக்காரரை நிறுத்திவைத்தால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டும். மேனேஜரை நிறுத்திவைத்தால் கூடுதலாக ஒரு காசு செலவில்லை. ஆகவே மேனேஜர் நின்றார். வாரச் சம்பளத்தை உழைத்த நேரத்தால் வகுத்துப் பார்த்தால், அவருக்குக் கீழே இருந்த உதவி மேனேஜரின் மணிக்கூலிக்கும் அவருடையதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜூரிகள் மேனேஜர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கம்பெனிக்கு விதிக்கப்பட்ட தொகை 3.5 கோடி டாலருக்கும் மேல்.

மூன்று ஆண்டு கழித்து, 2011-இல், அதே கம்பெனியின் இன்னொரு ஸ்டோர் மேனேஜர் தொடுத்த வழக்கு வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. அவரும் வாரத்துக்கு 50 முதல் 65 மணி நேரம் உழைத்தவர். நேரம் முழுக்கக் கிட்டத்தட்ட இதே கடைவேலைதான் என்று அவரும் சொன்னார். நீதிபதிகள் ஏற்கவில்லை. கல்லாவில் நிற்கும்போதும் கடையின் பொறுப்பு அவர் தலையில்தான் இருந்தது, சரக்கு அடுக்கிக்கொண்டே நிர்வாகமும் செய்தார், ஆகவே அவர் மேனேஜர்தான், ஓவர்டைம் கிடையாது என்று முடித்துவிட்டார்கள். ஒரே கம்பெனி, ஒரே பதவி, ஏறக்குறைய ஒரே வேலைநாள். ஒரு நீதிமன்றத்தில் கோடிக்கணக்கான டாலர், இன்னொன்றில் வெறுங்கை. மாதச் சம்பளக்காரர்களின் ஓவர்டைம் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது என்னை நிறுத்தியது இந்த இரண்டு தீர்ப்புகளும்தான். இரண்டையும் எழுதியவர்கள் சட்டம் அறிந்தவர்கள். அப்படியிருந்தும் எதிரெதிராகப் போக முடிகிறதென்றால், சட்டம் எதை அளவுகோலாக வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் ஊர் தொழிற்பேட்டைகளில் ‘ஓ.டி. பார்ப்பது’ என்றால் ஷிப்ட் முடிந்தும் நின்று உழைத்துக் கூடுதல் காசு வாங்குவது. அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குப் பொருள் கொடுத்தது 1938-ஆம் ஆண்டின் நியாயமான தொழில்தரச் சட்டம். ஜூன் 25 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் விதித்தது. வாரத்துக்கு முதலில் 44 மணி நேரம், பிறகு 42, 1940 அக்டோபரிலிருந்து 40. அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒன்றரை மடங்கு. அன்றைக்கு வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. சட்டத்தின் நோக்கமே இரட்டை: இருப்பவரைப் பிழிந்தெடுப்பதைவிட இன்னொருவரைச் சேர்ப்பது முதலாளிக்கு மலிவாக இருக்க வேண்டும், மீறிப் பிழிந்தால் உழைத்தவருக்கு ஈடு கிடைக்க வேண்டும். நாற்பத்தோராவது மணி நேரத்துக்கு ஒரு விலை வைத்ததுதான் இந்தச் சட்டத்தின் உயிர். விலை இருந்தால்தான் முதலாளி அந்த மணி நேரத்தை எண்ணுவார்.

எண்ண வேண்டாம் என்று சட்டமே விட்டுவைத்த ஒரு கூட்டமும் உண்டு. உண்மையாகவே நிர்வாகிகளாக, அலுவலக மேற்பொறுப்பில் இருப்பவர்களாக, கற்றறிந்த தொழில் செய்பவர்களாக உள்ளவர்களுக்கு ஓவர்டைம் விதி பொருந்தாது. அவர்களுக்கு நல்ல சம்பளமும் பேரம் பேசும் வலுவும் இருக்கும், அவர்களுடைய வேலையை மணிக்கணக்கில் இன்னொருவருக்குப் பிரித்துக் கொடுப்பதும் கடினம் என்பது அன்றைய நியாயம். யார் உண்மையான நிர்வாகி என்று தீர்மானிக்கத் தொழிலாளர் துறை மூன்று கேள்விகள் வைத்தது. செய்யும் வேலை என்ன? சம்பளம் எவ்வளவு? அது நிலையான சம்பளம்தானா?

மூன்றாவது கேள்வியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் அழகானது. சம்பளக்காரர் என்றால், உழைத்த வாரத்துக்கு முழுச் சம்பளம் அவருக்கு உறுதி. குழந்தைக்குக் காய்ச்சல் என்று மதியம் கிளம்பிவிட்டால் அந்த அரை நாளைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. நீண்ட வாரத்துக்குக் கூடுதல் கிடையாது, குறைந்த வாரத்துக்குப் பிடித்தமும் கிடையாது என்பது முதலாளிக்கும் அவருக்கும் இடையிலான ஒப்பந்தம். 2023 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை ஒரு வினோதமான வழக்கில் உறுதிப்படுத்தியது. கடலில் எண்ணெய்த் தளத்தில் 28 நாள் தொடர்ந்து, நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 84 மணி நேரம் வேலை பார்த்த ஒரு மேற்பார்வையாளர் ஓவர்டைம் கேட்டார். அவருடைய ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் டாலருக்கும் மேல். ஆனால் கம்பெனி அவருக்குச் சம்பளம் கணக்கிட்டது நாள் வீதத்தில், நாளுக்கு 963 டாலரிலிருந்து தொடங்கி. ஒரு நாள் வந்தால் ஒரு நாள் காசு. ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நீதிபதிகள் சொன்னது இதுதான்: தொகை எவ்வளவு பெரியதானாலும் நாள்கூலி நாள்கூலியே, அவருக்கு ஓவர்டைம் உண்டு. இரண்டு லட்சம் டாலர் வாங்குகிறவருக்கு ஓவர்டைமா என்று பலர் புருவம் உயர்த்தினார்கள். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. சம்பளக்காரருக்குரிய பாதுகாப்பைக் கொடுக்காமல் சம்பளக்காரரிடம் வாங்கும் சலுகையை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

எஞ்சிய இரண்டு கேள்விகளில் வேலை பற்றியது வழுக்கலானது. மேலே கண்ட இரு கடை வழக்குகளும் வழுக்கியது அதில்தான். சம்பளம் எவ்வளவு என்ற கேள்வி வழுக்காது. துறை வகுத்த சம்பளக் கோட்டுக்குக் கீழே இருந்தால், பட்டம் எதுவானாலும் ஓவர்டைம் உண்டு. வக்கீல் வேண்டாம், ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வழக்கும் வேண்டாம். சம்பளச் சீட்டைப் பார்த்தாலே போதும். டாக்டர், வக்கீல், ஆசிரியர் போன்றோருக்கு மட்டும் இந்தக் கோடே கிடையாது. மற்றவர்களுக்கு 1938-இல் நிர்வாகிக்கான கோடு வாரத்துக்கு 30 டாலர். அன்றைய குறைந்தபட்சக் கூலியில் 44 மணி நேரம் உழைத்தவர் பெற்றது 11 டாலர். ஆக நிர்வாகி என்றால் கடைநிலைத் தொழிலாளியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வாங்குகிறவர் என்றே அன்றைக்கு எண்ணினார்கள்.

முதல் நாற்பது ஆண்டுகள் கோட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை உயர்த்திக்கொண்டே வந்தார்கள். அதோடு ஒரு நுட்பமான ஏற்பாடும் இருந்தது. கோடுகள் இரண்டு. 1975-இல் நிர்வாகிக்குக் கீழ்க்கோடு வாரத்துக்கு 155 டாலர், மேல்கோடு 250. இரண்டுக்கும் இடையில் இருப்பவரைக் கடுமையாகச் சோதிப்பார்கள். நிர்வாகம் அல்லாத வேலை அவருடைய நேரத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, சில்லறைக் கடையானால் 40 விழுக்காடு. மேல்கோட்டைத் தாண்டியவருக்கு மட்டும் சோதனை இலகு. குறைந்த சம்பளக்காரரை மேனேஜர் என்று அழைத்துத் தரை துடைக்கவிடும் வழியை இந்த ஏற்பாடு அடைத்து வைத்திருந்தது.

பிறகு கோடு தூங்கிப்போனது. 1975-இல் வைத்த எண் 2004 வரை 29 ஆண்டு அசையவில்லை. விலைவாசி ஏற ஏற 250 டாலர் மேல்கோட்டையே சாதாரண மேனேஜர் சம்பளங்கள் தாண்டிவிட்டன. கடுமையான சோதனை யாருக்கும் பொருந்தாமல் ஏட்டளவில் நின்றது. அலபாமாவில் வழக்காடிய மேனேஜர்கள் மாட்டிக்கொண்டதும் இந்த இடைவெளியில்தான். 2004-இல் இரண்டு கோடுகளையும் ஒன்றாக்கி 455 டாலர் என்று வைத்தார்கள். தொகை உயர்ந்தாற்போல் தெரியும். நடந்தது வேறு: இலகுவான சோதனையைத் தாழ்ந்த சம்பளத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். கடைவேலை செய்யும் நேரத்துக்கு இருந்த உச்சவரம்பு அடியோடு போய்விட்டது. இந்த வரலாற்றில் தொழிலாளிக்கு மிகப் பெரிய இழப்பு இதுதான் என்று நினைக்கிறேன். செய்திகளில் எல்லோரும் டாலர் எண்ணைப் பார்த்தார்கள். வரம்பு போனதைப் பார்த்தவர்கள் குறைவு. ஆண்டுக்கு 23,660 டாலர் என்ற அந்தக் கோடு, 2016-க்கு வந்தபோது நால்வர் கொண்ட குடும்பத்தின் வறுமைக் கோட்டுக்கும் கீழே இருந்தது. 1975-இல் முழுநேரச் சம்பளக்காரர்களில் 62 விழுக்காட்டினர் சம்பளத்தாலேயே ஓவர்டைமுக்கு உரியவர்கள், இன்று 7 விழுக்காட்டினரே என்று அந்த ஆண்டு ஒபாமாவின் வெள்ளை மாளிகை கணக்குக் காட்டியது.

ஒபாமா அரசு கோட்டை ஒரே தாவாக ஆண்டுக்கு 47,476 டாலருக்கு உயர்த்தியது. 42 லட்சம் பேருக்குப் பலன் என்றது. 2016 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வர வேண்டியதை, சரியாக ஒன்பது நாள் முன்பு டெக்சாஸ் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் நிறுத்திவைத்தார். டிரம்ப் அரசு 2019-இல் 35,568 டாலர், அதாவது வாரத்துக்கு 684 டாலர் என்று வைத்தது. பைடன் அரசு 2024-இல் இரண்டு படியாக உயர்த்தியது: ஜூலையில் 43,888, அடுத்த ஜனவரியில் 58,656. முதல் படி அமலாகிப் பல கம்பெனிகள் சம்பளப் பட்டியலையும் மாற்றிவிட்டன. நவம்பர் 15 அன்று மீண்டும் டெக்சாஸிலிருந்து தீர்ப்பு, நாடு முழுவதற்கும் விதி ரத்து, முதல் படியும் சேர்த்து. சட்டம் பேசுவது வேலையைப் பற்றி, சம்பளம் அதை விழுங்கிவிடக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். அதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பரில், ஆஸ்டினில் உணவகம் நடத்தும் ஒருவர் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், சம்பளக் கோடு வைக்கத் துறைக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லியிருந்தது. வைக்கலாம், ஆனால் உயரமாக வைக்கக் கூடாது என்பதே இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது. கோடு இப்போது பழையபடி 684 டாலரில் நிற்கிறது.

இனி முதலாளிகள் பக்கம். லாரன் கோஹன், உமித் குருன், புகரா ஓசல் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2010 முதல் 2018 வரையிலான வேலை விளம்பரங்களில் வாரத்துக்கு 455 டாலர் என்ற கோட்டைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். கோட்டைத் தொட்டதும் மேனேஜர் வகைப் பட்டங்கள் திடீரென 485 விழுக்காடு கூடுகின்றன. வரவேற்பு மேசையில் இருப்பவர் ‘முதல் பார்வை இயக்குநர்’. கம்பளம் அலசுகிறவர் ‘கம்பள ஷாம்பூ மேனேஜர்’. வேலை மாறவில்லை, பெயர்ப்பலகை மாறியது. இப்படி ஒரு பட்டத்தால் முதலாளி மிச்சப்படுத்தியது அந்த ஊழியருக்குச் சேர வேண்டிய ஓவர்டைமில் 13.5 விழுக்காடு, நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். கோடு தாழ்வாகக் கிடந்தால், ஒரு டாலர் கூட்டிக் கொடுத்து நூறு மணி நேரத்தை இலவசமாக வாங்கிக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

எல்லா முதலாளியும் அப்படி என்று சொன்னால் அது அநியாயம். சிறு உணவகம் நடத்துகிறவருக்கும் நன்கொடையில் ஓடும் முதியோர் இல்லத்துக்கும் ஒரே தாவில் பத்து, இருபதாயிரம் டாலர் உயர்வு என்பது மூச்சு முட்டும் செலவு. டெக்சாஸ் கிராமத்தின் வாடகையும் நியூயார்க்கின் வாடகையும் ஒன்றல்ல. கோடு மட்டும் நாடு முழுக்க ஒன்று. உத்தரவு வருவதும் போவதுமாக இருந்தால் அடுத்த ஆண்டுக் கணக்கைப் போடுவது எப்படி என்ற அவர்களுடைய குறையும் நியாயமானது. ஆனால் அந்தக் குறைக்குக் காரணம் கோடு உயர்ந்தது அல்ல, பத்து இருபது ஆண்டு உயராமல் கிடந்து பிறகு ஒரேயடியாக உயர்ந்தது. ஆண்டுதோறும் விலைவாசியோடு சிறிது சிறிதாக ஏறியிருந்தால் எந்தக் கடைக்காரருக்கும் அது அதிர்ச்சியாக இருந்திருக்காது.

கோடு உயரும்போது முதலாளி முன்னால் உள்ள வழிகள் சில. கோட்டை ஒட்டி இருப்பவருக்குச் சம்பளத்தைக் கூட்டி மேலே ஏற்றிவிடலாம். 2016-இல் வால்மார்ட் தன் தொடக்கநிலை மேனேஜர்களின் ஆண்டுச் சம்பளத்தை 45,000-லிருந்து 48,500 டாலருக்கு உயர்த்தியது இந்த வழி. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்களுக்கான குறைந்தபட்ச உதவித்தொகையை 43,692-லிருந்து 47,484 டாலராக்கின, கோட்டுக்கு எட்டே டாலர் மேலே. தமிழகக் கல்லூரிகளிலிருந்து போய் அங்குள்ள ஆய்வகங்களில் இரவு பகலாக நிற்கும் பிள்ளைகள் இந்த வகுப்பினர். நீதிமன்றம் விதியை நிறுத்திய பிறகும் அந்த உயர்வு திரும்பப் பெறப்படவில்லை.

இன்னொரு வழி, சம்பளக்காரரை மணிக்கூலிக்கு மாற்றுவது. இங்கே பணத்தைத் தாண்டிய ஒரு வலி இருக்கிறது. நேற்றுவரை சம்பளக்காரராக இருந்தவர் இன்று கார்டு தேய்த்து உள்ளே போக வேண்டும். சாப்பாட்டு நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குப் போனில் மேலதிகாரிக்குப் பதில் அனுப்பினால் அதுவும் வேலை நேரம் என்பதால் அனுப்பாதே என்பார்கள். பலர் இதைப் பதவியிறக்கமாகவே உணர்கிறார்கள். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் எண்ணப்படாத நேரத்தைக் கௌரவம் என்று எடுத்துக்கொள்ளப் பழக்கியது யார் என்று அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

மூன்றாவது ஒரு வழியைக் கணக்குப் போட்டுத்தான் காட்ட வேண்டும். ஒருவருக்கு வாரத்துக்கு 700 டாலர் சம்பளம், ஓவர்டைமுக்கு உரியவர். 40 மணி நேரத்துக்கான சம்பளம் அது என்று வைத்தால் மணிக்கு 17.50. பத்து மணி நேரம் கூடுதலாக உழைத்தால் ஒன்றரை மடங்கு வீதம் 262.50 டாலர் சேரும். அதே 700, எத்தனை மணி நேரமானாலும் சேர்த்துத்தான் என்று முன்கூட்டியே பேசிவைத்தால் கணக்கே மாறிவிடும். 50 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 14 டாலர். அடிப்படைக் கூலி ஏற்கனவே கொடுத்தாயிற்று, மேலே கொடுக்க வேண்டியது அரை மடங்கு மட்டும்: மணிக்கு 7, பத்து மணிக்கு 70. 60 மணி நேரம் உழைத்தால் அந்த அரை மடங்கு 5.83-ஆகச் சுருங்குகிறது. நேரம் நீள நீள மணி நேரத்தின் விலை தேய்கிறது. கூட்டாட்சிச் சட்டம் இதை அனுமதிக்கிறது. கலிஃபோர்னியா அனுமதிப்பதில்லை.

நம்மவர்கள் பெருமளவில் இருக்கும் கணினித் துறைக்குத் தனி விதி. கணினி அமைப்புகளை ஆராய்பவர், மென்பொருள் எழுதுபவர் ஆகியோருக்கு மணிக்கு 27.63 டாலர் கொடுத்துவிட்டால் மணிக்கூலியாகவே கொடுத்தாலும் ஓவர்டைம் தேவையில்லை. இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? 1990-களின் தொடக்கத்தில் குறைந்தபட்சக் கூலி 4.25 டாலர். அதன் ஆறரை மடங்கு 27.63. 1996-இல் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியபோது நாடாளுமன்றம் இந்த எண்ணை மட்டும் அப்படியே உறைய வைத்தது. இன்றுவரை அதுதான். வார இறுதியில் சர்வர் மாற்றுவதற்காக விடிய விடிய உட்காரும் மென்பொருள்காரரை ஓவர்டைம் கணக்குக்குள் வராமல் தடுப்பது முப்பது ஆண்டு பழைய இந்த ஒற்றை எண்.

எண்ணைத் தூங்கவிடுவது அங்கே மட்டும் நடப்பதும் இல்லை. நம் தொழிற்தகராறுச் சட்டத்தில் மேற்பார்வை வேலை செய்பவர் ‘தொழிலாளி’ ஆவாரா என்பதும் சம்பளக் கோட்டைப் பொறுத்தே இருந்தது. 1984-இல் மாதம் 1,600 ரூபாய் என்றானது, 2010 வரை 26 ஆண்டு அப்படியே கிடந்தது. அதன்பின் 10,000. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுகள் தொகுப்பில் 18,000. ஒரு நடுத்தர ஆலையின் சூப்பர்வைசரை இன்றைய சம்பளத்தில் அந்தக் கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவில் 2025 ஜூலையில் இன்னொரு மாற்றம் வந்தது. ஓவர்டைம் தொகையின் கூடுதல் பகுதிக்கு, அதாவது ஒன்றரையில் அந்த அரைக்கு, ஆண்டுக்கு 12,500 டாலர் வரை வருமான வரிக் கழிவு உண்டு. 2028 வரை இது நீடிக்கும். 1938 சட்டப்படி ஓவர்டைமுக்கு உரியவர்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை. கோட்டுக்கு ஒரு டாலர் மேலே நிற்கும் மேனேஜர் முதலில் ஓவர்டைமை இழந்தார். இப்போது வரிச் சலுகையையும் இழக்கிறார்.

மாநிலங்கள் சில தம் கோட்டைத் தாமே வரைந்துகொண்டன. கலிஃபோர்னியாவில் அது மாநிலக் குறைந்தபட்சக் கூலியின் இரண்டு மடங்கு. கூலி ஏறினால் கோடும் தானாக ஏறும். 2025-இல் ஆண்டுக்கு 68,640 டாலர், வாரத்துக்கு 1,320. தவிர, நேரத்தில் பாதிக்கு மேல் நிர்வாக வேலையாகவே இருக்க வேண்டும் என்றும் அங்கே விதி உண்டு. அந்த மாநிலத்தில் ஒரு கடை நடத்தும் கம்பெனி, வாரத்துக்கு 700 டாலர் வாங்கும் மேனேஜரை நாற்பத்தோராவது மணி நேரம் நிறுத்த வேண்டுமானால் அவருக்கு ஒன்றரை மடங்கு எழுதிவைக்க வேண்டும். எட்டு மணி நேரத்தைத் தாண்டிய எந்த ஒரு நாளுக்கும் அப்படியே. அதே கம்பெனியின் டெக்சாஸ் கடையில், அதே 700 டாலருக்கு, மேனேஜர் என்ற பட்டம் செல்லுபடியாகும் வரை, 60 மணி நேரம் நிறுத்தலாம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 11 டாலர் 67 சென்ட் வருகிறது. அவர் தரை துடைத்து முடித்துவிட்டு எப்போது வீட்டுக்குப் போனார் என்று குறித்துவைக்கும் கடமை அங்கே யாருக்கும் இல்லை.